டயாலிசிஸ் தொடங்கும் முன் யாராவது சொல்லியிருக்க வேண்டியவை

டயாலிசிஸ் என்ற பேச்சு வீட்டுக்குள் வந்த அந்த வாரத்திலேயே ஒரு குடும்பம் செய்து முடிக்க வேண்டிய காரியங்கள் சில உண்டு. எங்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் செயலிழந்தபோது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், மாமியார் படுத்த படுக்கை. ஆஸ்பத்திரி, அடகுக்கடை, கலெக்டர் ஆபீஸ் என்று நான் ஒருத்திதான் அலைந்தேன். மூன்று மாதத்துக்குள் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் கரைந்தது. அதில் பெரும்பங்கு செலவாகியிருக்கவே வேண்டாத பணம் என்று தெரிந்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. கடலூர், புதுச்சேரிப் பக்கம் இதே நிலையில் இருக்கிற குடும்பங்களுக்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கடலூர் மாவட்டத்தின் வடக்கு ஓரம், புதுச்சேரி எல்லை கூப்பிடு தூரம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவர் ஒப்பந்தத் தொழிலாளி. சம்பளம் மாதம் 14,000 ரூபாய். பல வருடமாக பி.பி. இருந்தது. மூட்டை தூக்கும் வேலை என்பதால் முதுகு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையும் கூடவே ஓடியது. காலையில் முகம் உப்பியிருக்கும், சாயங்காலம் கால் வீங்கும், சோற்றைப் பார்த்தாலே குமட்டும், படுத்தால் மூச்சு முட்டும். இந்த நான்கும் ஒன்று சேர்ந்தால் அது கிட்னியாக இருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, இதயக் கோளாறு என்றுதான் பயந்தோம். ஒரு ராத்திரி மூச்சே விட முடியாமல் போய், பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 11, பொட்டாசியம் 6.8. "இன்னைக்கே டயாலிசிஸ் பண்ணலைன்னா இதயம் நின்னுடும்மா" என்றார் டாக்டர். அது உண்மைதான், அந்த அளவு பொட்டாசியம் உயிரை எடுக்கும். கழுத்து நரம்பில் குழாய் போட்டு, ஐ.சி.யூ.வில் வைத்தார்கள். முன்பணம் 50,000. விடிவதற்குள் என் வளையலும் செயினும் அடகுக்குப் போயின. டிஸ்சார்ஜ் ஆகும்போது கணக்கு 1,30,000.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். பி.பி.யோ சர்க்கரையோ இருப்பவர் வருடத்துக்கு ஒரு முறை இரண்டு பரிசோதனை செய்தாக வேண்டும்: ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம். கிட்னி பாதிக்கு மேல் கெடும்வரை உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காது. சிறுநீரில் புரதம் போவதுதான் பல பேருக்கு முதல் அடையாளம். நுரை அடங்காமல் நின்றால் சந்தேகப்படுங்கள். ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர் என்று ஒரு எண் இருக்கும், கிட்னி எவ்வளவு வேகமாக ரத்தத்தை வடிகட்டுகிறது என்று அது காட்டும். அது 60-க்குக் கீழே மூன்று மாதம் தொடர்ந்தால் நாள்பட்ட கிட்னி நோய், 30-க்குக் கீழே வந்தால் கிட்னி டாக்டரிடம் போயே ஆக வேண்டும், 15-க்குக் கீழே கடைசிக் கட்டம். டைக்லோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையைச் சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் போடுவது பலவீனமான கிட்னியை இன்னும் வேகமாகக் கெடுக்கும். ராத்திரி அவசரம் என்றால், கோரிமேட்டு ஜிப்மரிலும் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அவசரப் பிரிவு எந்நேரமும் திறந்திருக்கும். 108-ஐ அழைத்தால் வண்டிக்குக் காசு கிடையாது.

கழுத்துக் குழாயைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், எங்கள் பணத்தில் பெரிய துண்டு அங்கேதான் போனது. அது தற்காலிக வழி. வாரக்கணக்கில் வைத்தால் கிருமி ஏறும். டயாலிசிஸ் ஆரம்பித்த அரைமணி நேரத்தில் உடம்பு தூக்கிப் போடுகிற மாதிரி குளிர் நடுக்கம் வந்தால் பெரும்பாலும் குழாயில் தொற்று என்று அர்த்தம். அவருக்கு அப்படித்தான் வந்தது. மறுபடி அட்மிஷன், ஆன்டிபயாடிக், பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதுக் குழாய், எல்லாம் சேர்த்து 60,000-க்கு மேல். நிரந்தர வழி ஃபிஸ்டுலா. கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைக்கும் சின்ன ஆபரேஷன் அது, கையை மட்டும் மரக்கச் செய்து முடித்துவிடுவார்கள். ஆனால் தைத்த மறுநாளே ஊசி குத்த முடியாது. நரம்பு தடித்து வலுப்பெற ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். அதனால் இ.ஜி.எஃப்.ஆர் 20-க்குக் கீழே இறங்கும்போதே, டயாலிசிஸ் இன்னும் தொடங்காத நிலையிலேயே, "ஃபிஸ்டுலா எப்போ போடலாம் டாக்டர்?" என்று நீங்களாகக் கேளுங்கள். இடது கையில் போடுவதுதான் வழக்கம், இடதுகைப் பழக்கம் உள்ளவருக்கு வலது கை. அந்தக் கையில் ரத்தம் எடுக்கவோ, டிரிப் ஏற்றவோ, பி.பி. பார்க்கவோ யாரையும் விடக்கூடாது. புது ஆஸ்பத்திரியில் புது சிஸ்டர் வந்து அந்தக் கையைத்தான் முதலில் பிடிப்பார், கூட இருப்பவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். தினமும் காலையில் தையல் மேல் இரண்டு விரல் வைத்துப் பாருங்கள். தோலுக்கு அடியில் பூனை உறுமுகிற மாதிரி ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் உள்ளே ரத்தம் உறைந்துவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் ஃபிஸ்டுலா போனது போனதுதான், அன்றைக்கே ஓட வேண்டும். அந்தக் கைமேல் தலை வைத்துப் படுப்பது, இறுக்கமான வாட்ச், வளையல், அந்தக் கையில் குடம் தூக்குவது எதுவும் கூடாது.

மாதச் செலவு வேறு கணக்கு. தனியாரில் ஒரு முறைக்கு 2,000 வாங்கினார்கள். வாரம் இரண்டு என்றாலே மாதம் 16,000, மூன்று என்றால் 24,000. அவர் சம்பளமே 14,000! அதற்கு மேல் ரத்தம் ஊறும் எரித்ரோபாய்ட்டின் ஊசி, இரும்புச்சத்து ஊசி, மாதாந்திர ரத்தப் பரிசோதனை, போகவர ஆட்டோ. அந்த எரித்ரோபாய்ட்டின் ஊசியை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். வெளிக்கடையில் வாங்கினால் ஐஸ் பையில் கொண்டு வாருங்கள், வீட்டில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் வீண். ஒரே மருந்து கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும், சீட்டில் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மருந்தை வெளியில் வாங்கிக்கொள்வதும், ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகப் போட்ட பில் கேட்பதும் நோயாளியின் உரிமை. பணம் பாக்கி என்று ஆளைப் பிடித்து வைக்கக்கூடாது. இதெல்லாம் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனத்தில் இருக்கிறது. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. அடுத்த ஆஸ்பத்திரி முதலில் கேட்பது அந்தக் காகிதங்களைத்தான், எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.

சம்பளம் வாங்கும் வீடாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இருந்தால், சம்பளத்தில் முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டியாக வேண்டும். இது மத்திய அரசின் சட்டம், கடலூர் என்றாலும் புதுச்சேரி என்றாலும் ஒன்றுதான். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உண்டு. இ.எஸ்.ஐ. இருந்தால் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் டயாலிசிஸ் வரை வழி இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரரை வேலைக்கு வைத்த ஒப்பந்தக்காரர் பதிவே செய்யவில்லை. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, மாதாமாதம் பணம் கட்டப்படுகிறதா என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே பாருங்கள். படுத்த பிறகு கேட்டால் "நீ நம்ம ஆளே இல்லையேப்பா" என்கிறார்கள்.

அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை, டயாலிசிஸும் சிறுநீரக மாற்றும் அதில் அடங்கும். நிபந்தனை, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்கு மேல் போகக்கூடாது. 14,000-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 1,68,000. கிராம நிர்வாக அலுவலர் தன்மையாகத்தான் பேசினார். "விதி அப்படிம்மா, நான் மாத்தி எழுத முடியாது" என்றார். வாரம் இரண்டு நாள் மெஷினில் படுப்பவரை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? கொஞ்ச நாளில் வேலை போனது, சம்பளம் நின்றது. என் தையல் வருமானம் மட்டும்தான் மிச்சம் என்று ஆன பிறகு அதே அலுவலர் சான்று கொடுத்தார், அட்டையும் வந்தது. அன்றைக்கு நான் சந்தோஷப்படவில்லை. நகையும் வேலையும் போய், வட்டிக்கு வாங்கி, ஏழை என்று நிரூபிக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ஒரு மனுஷனின் உயிருக்கு அரசாங்கம் பொறுப்பெடுத்தது. அதற்கு முன்பும் அவர் அதே மனுஷன்தானே, அதே நோய்தானே?

அட்டை வாங்கும் வழி: கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, அசல் ரேஷன் அட்டை, குடும்பத்தில் எல்லோருடைய ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். யாருக்குச் சிகிச்சையோ அவர் பெயர் ரேஷன் அட்டையில் இருக்க வேண்டும். புது மருமகள், பிறந்த குழந்தை பெயரெல்லாம் சேர்க்காமல் கிடக்கிற வீடுகள் நிறைய, இன்றைக்கே சேருங்கள். ஆதாரில் ஓர் எழுத்து, ரேஷன் அட்டையில் ஓர் எழுத்து என்று இருந்தால் அங்கேயே திருப்பிவிடுவார்கள். ஆள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் அட்மிஷன் கடிதத்தைக் காட்டிச் சொல்லுங்கள், அவசரம் புரியும். ஒன்றை மறக்காதீர்கள்: கையிலிருந்து கட்டிவிட்ட பணத்தை இந்தத் திட்டம் திருப்பித் தராது. ஆஸ்பத்திரியே காப்பீட்டு நிறுவனத்திடம் முன்அனுமதி வாங்கிச் செய்ய வேண்டும். ஆகவே பணம் கட்டும் முன்பே அங்கே இருக்கும் காப்பீட்டு அலுவலரைத் தேடிப் போங்கள். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி, பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத் தனியாகக் காசு கேட்டால் 1800 425 3993, அல்லது 104.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். புதுச்சேரியில் இருக்கும் கிருமாம்பாக்கம் பக்கத்து ஆஸ்பத்திரி நமக்குக் கடலூரைவிடக் கிட்டத்தில் இருக்கலாம். ஆனால் அது வேறு ஆட்சிப் பகுதி. தமிழ்நாட்டு அட்டையை அங்கே எடுத்துக்கொள்வார்களா என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதி பெற்ற குடும்பம் என்றால் நாட்டில் எங்கே வேண்டுமானாலும் செல்லும், 14555-இல் கேட்டால் உங்கள் குடும்பம் அதில் இருக்கிறதா என்று சொல்வார்கள். ஆட்டோவில் ஏறும் முன் இந்த ஒரு போனைப் போடுங்கள்.

அரசு மருத்துவமனையில் டயாலிசிஸுக்குப் பணம் வாங்குவதில்லை, ஆனால் மெஷினில் இடம் கிடைக்க வேண்டும். ஒரு முறைக்கு நான்கு மணி நேரம், நடுவில் மெஷினைச் சுத்தம் செய்ய நேரம், அதனால் ஒரு மெஷினில் ஒரு நாளைக்கு மூன்று பேர், மிஞ்சிப்போனால் நான்கு பேர். இருக்கிறவர் யாரும் வாழ்நாள் முழுக்க விட்டுப் போகப் போவதில்லை. எனவே இடம் எப்போது காலியாகும் என்று காத்திருப்பது எதற்காகக் காத்திருப்பது என்று யோசித்தால் நெஞ்சு பதறும். முதல் அட்மிஷன் நடந்த வாரமே போய்ப் பெயரைப் பதிவு செய்யுங்கள். ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் பரிசோதனை முடிவு இல்லாமல் எங்கும் மெஷினில் ஏற்ற மாட்டார்கள், அதைக் கையில் வைத்திருங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை, டயாலிசிஸ் நோயாளிக்கான இரட்டை அளவில், உடனே தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தத்தை வடிகட்டும் டயாலைசர் என்ற குழலைக் கழுவி அதே ஆளுக்கு மறுபடி பயன்படுத்துவது பல இடங்களில் வழக்கம். அதன்மேல் ஒட்டியிருக்கும் பெயர் உங்கள் ஆளுடையதுதானா என்று ஒவ்வொரு முறையும் படித்துப் பார்த்த பிறகே மாட்ட விடுங்கள். அருகில் மெஷினே இல்லாத ஊர்க்காரர்கள் வயிற்றுவழி டயாலிசிஸ் பற்றி விசாரிக்கலாம். வீட்டிலேயே தினமும் பையை மாற்றிச் செய்வது அது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். சுத்தம் மட்டும் கடுமையாக இருக்க வேண்டும்.

சாப்பாட்டில் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. இளநீர் உடம்புக்குக் குளிர்ச்சி, பலாப்பழம் பண்ருட்டியிலிருந்து வந்தது, முந்திரி நம் ஊர் விளைச்சல். மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். பார்க்க வருகிறவர்கள் அன்போடு கொண்டுவருவதும் இதைத்தான். டயாலிசிஸ் இல்லாத நாளில் ஓர் இளநீர்கூட இதயத்துக்கு ஆபத்தாகலாம். லோ சோடியம் உப்பு என்று விற்பதிலும் பொட்டாசியம்தான் கலந்திருக்கிறது, அதையும் தொடாதீர்கள். காய்களை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீர்க் கணக்கு, முந்தைய நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர். ரசம், மோர், நீராகாரம், காபி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். கருவாடு தின்றால் தாகம் அடக்க முடியாது, அதனால் அதையும் விட வேண்டும். வீட்டில் ஓர் எடை மெஷின் வாங்கி வையுங்கள், இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அடுத்த முறை தண்ணீரை வேகமாக இழுப்பார்கள், பி.பி. விழும், கால் நரம்பு இழுத்துக்கொள்ளும். நாட்டு மருந்தில் கிட்னி திரும்பிவிடும் என்று சொல்லி டயாலிசிஸை நிறுத்தச் சொல்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படி நிறுத்தி உயிரை விட்டவர்களை நான் அந்த வார்டிலேயே பார்த்தேன்.

இதெல்லாம் தெரிந்த குடும்பம் பிழைக்கும், தெரியாத குடும்பம் கடனில் மூழ்கும் என்று இருப்பதே தவறு. 1946-இலேயே, இந்தியாவின் மருத்துவ வசதிகளை ஆராய்ந்த சர் ஜோசப் போர் (Bhore) குழுவின் அறிக்கை, பணம் இல்லை என்பதற்காக ஒருவருக்கும் போதிய மருத்துவம் கிடைக்காமல் போகக்கூடாது என்று எழுதியது. 1992-இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்ற தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. தனியாரில் 17,000 ரூபாய் செலவழித்தார். 1996-இல் உச்ச நீதிமன்றம் இது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையை மீறியது, நிதி இல்லை என்று அரசு சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் 2021-22-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரக் கணக்குப்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் கையிலிருந்து கொடுத்தது. 2013-14-இல் அது 64.2 சதவீதம். குறைந்திருப்பது உண்மை, மறுக்கவில்லை. மிச்சமிருக்கிற அந்த 39.4-இல்தான் என் வளையலும் செயினும் மாதிரி எத்தனையோ இருக்கும்.

வருமானம் கேட்காமல் கொடுக்க முடியாது என்று சொல்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. அரசு மருத்துவமனை மாத்திரைக்கு யாரும் வருமானச் சான்று கேட்பதில்லை. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்ததால் அது முடிந்தது. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்ட யாராக இருந்தாலும், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரம் இலவசம். எந்த ஊர், என்ன சம்பளம் என்ற கேள்வியே இல்லை. 2024 அக்டோபரிலிருந்து 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆயுஷ்மான் திட்டத்திலும் வருமான வரம்பு கிடையாது. 45 வயதில் கிட்னி போன தொழிலாளிக்கு மட்டும் ஏன் அந்த வரம்பு?

அதனால் கேட்க வேண்டியவர்களிடம் கேட்போம். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் மனு எண்ணோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு விசாரிக்க அது வேண்டும். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். வாயால் சொல்லிவிட்டு வராமல், தீர்மானமாக எழுதிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் ஊரில் நாங்கள் எழுதி வைத்திருக்கும் வாசகம் இது, எடுத்துக்கொள்ளலாம்: "டயாலிசிஸுக்கும் சிறுநீரக மாற்றுக்கும் காப்பீட்டுத் திட்டத்தில் வருமான வரம்பை நீக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் மெஷின் எண்ணிக்கையையும் காத்திருப்போர் எண்ணிக்கையையும் வாசலில் எழுதி வைக்க வேண்டும். பி.பி., சர்க்கரை மாத்திரை வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வருடம் ஒரு முறை கிரியாட்டினினும் சிறுநீர் அல்புமினும் பார்க்க வேண்டும். எல்லையோர ஊர்களின் மக்கள் புதுச்சேரியின் அரசு, தனியார் மருத்துவமனைகளில் தமிழ்நாட்டு அட்டையைப் பயன்படுத்த இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் செய்ய வேண்டும்."